முன்மணியும் பின்கண்ணும்

இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் வயது முதிர்ந்தவர். தோட்டத்தில் நீண்ட காலம் கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்றபின், மிளகும் கொக்கோவும் மரவள்ளியும் வைத்து ஒரு சிறு நிலத்தைப் பேணி வருகின்றவர். ‘ஐயா, துவக்குக்குக் கண் வைத்தேன், வைத்தபின் துவக்குக் குருடாகிவிட்டது. காரணம் என்னவென்று உங்கள் பகுதியில் எழுதுவீர்களா?’ என்பதே அவருடைய கேள்வி. இதுவரை நாம் ஊறுகாயில் பூஞ்சணம் பிடிப்பதையும், மணிக்கூடு பின்தங்குவதையும், பிள்ளைகளின் கணக்குப் பரீட்சையையும் பற்றி எழுதியதுண்டு. துவக்கைப் பற்றி எழுதியதில்லை. கடிதத்தின் கடைசி வரியில் ஒரு குழந்தையைப் பற்றிய செய்தி இருந்தமையால், பதில் எழுதுவதற்கு முன் நேரிற் போய்ப் பார்த்துவருவதென்று தீர்மானித்தோம்.

மாத்தளை மாவட்டத்துக்கும் துவக்குக்கும் பழைய உறவு உண்டு. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்த புதிய வரிகளுள் நாய்க்கு ஒரு வரி, கடைக்கு ஒரு வரி என்பவற்றோடு, துவக்குக்கு ஆண்டொன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற வரியும் இருந்தது. அக்காலத்துக் கண்டிச்சீமைக் குடியானவனுக்குத் துவக்கு என்பது ஏர், மண்வெட்டி போல ஓர் உழவுக் கருவி. சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காப்பது அதுவே. அதற்கு வரி என்றதும் மக்கள் கொதித்தார்கள். அவ்வாண்டு யூலை மாதம் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டப்பட்டது. புரன் அப்புவின் தலைமையில் ஒரு பெருங்கூட்டம் மாத்தளையைப் பிடித்தது. கிளர்ச்சி சில நாட்களிலேயே அடக்கப்பட்டது. ஆகஸ்ட் 8ஆந் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டனும் 1850இல் பதவியிழந்து இங்கிலாந்து திரும்பினார். துவக்கு வரி ஒன்றே கிளர்ச்சிக்குக் காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆனால் காரணங்களின் பட்டியலில் அது இல்லையென்று எந்தச் சரித்திர ஆசிரியரும் சொல்லவில்லை.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. வில்கமுவ, கலேவெல, தம்புள்ளைப் பக்கங்களில் யானை. மலையடிவாரத் தோட்டங்களில் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும். ஓர் இரவில் பன்றிக் கூட்டமொன்று மரவள்ளிப் பாத்திக்குள் நுழைந்தால், காலையில் அங்கே கலப்பை ஓடியது போன்றிருக்கும். பயிர்க் காவலுக்காகத் துவக்கு வைத்துக்கொள்ள, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பெரும்பாலான விவசாயிகளிடம் இருப்பது ஒற்றைக் குழலுள்ள 12 போர்த் துவக்கு. நம் பெரியவரிடம் இருந்ததோ, முன்கட்டையைப் பின்னுக்கும் முன்னுக்கும் இழுத்துத் தோட்டா மாற்றும் துவக்கு. ‘ரிப்பீட்டர்’ என்று நம்மவர்கள் சொல்வது அதனைத்தான். அத்தகைய துவக்குகளுள் முதலிற் பெரும்புகழ் பெற்றது ஜோன் பிறவுணிங் என்ற அமெரிக்கர் அமைத்த 1897ஆம் ஆண்டு வின்செஸ்டர். 1950இல் வெளிவந்த ரெமிங்டன் 870 என்ற மாதிரியோ ஒரு கோடிக்கு மேல் விற்பனையாகியிருக்கின்றது.

மாணவ நேயர்களுக்காக ஒரு வார்த்தை. 12 போர் என்றால் குழாயின் விட்டம் 12 மில்லிமீற்றர் என்று சிலர் நினைக்கின்றார்கள். அப்படியன்று. ஓர் இறாத்தல் ஈயத்தை எடுத்து, ஒரே அளவான 12 உருண்டைகளாகப் பிடித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே குழாயின் உட்பருமன். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் வரும். 16 போர் அதிலும் ஒடுக்கமானது. ஓர் இறாத்தலில் 16 உருண்டைகள் பிடிக்க வேண்டுமல்லவா? எண் ஏற ஏறக் குழாய் சிறுக்கும் விசித்திரத்தின் காரணம் இதுதான்.

இனிப் பெரியவரின் கதைக்கு வருவோம்.

சன்னத் துவக்கின் குழல் நுனியிலே மிளகளவு ஒரு பித்தளை மணி இருக்கும். அதை முன்மணி என்போம். குறிபார்க்க அதில் இருப்பது அவ்வளவுதான். றைபிளில் இருப்பதுபோலப் பின்னால் பிளவோ வளையமோ கிடையாது. ஏனென்றால் சன்னத் துவக்கு முதலிற் பறவைக்காகப் பிறந்தது. பறக்கின்ற கொக்கை நோக்கிக் கண்ணைச் சுருக்கி இரண்டு புள்ளிகளை ஒன்றாக்கிக் கொண்டிருந்தால், கொக்கு அடுத்த கிராமத்துக்குப் போய்விடும். ஆகவே பார்வை பறவையின்மேல் இருக்க, கை தானாகவே துவக்கை அங்கே கொண்டுபோக வேண்டும். ஆறாம் நம்பர்ச் சன்னமென்றால் ஓர் அவுன்ஸில் 270 மணிகள் இருக்கும். அவை விரிந்து பரவிக் கைத்தவற்றை ஈடுசெய்துவிடும்.

அப்படியானால் பின்கண் எங்கே? சுடுகிறவரின் கண்தான் பின்கண். துவக்கின் மரப்பிடியில் கன்னத்தை ஒரே இடத்தில் ஒட்டிவைப்பதன் நோக்கம், அந்தக் கண் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமென்பதே. கண்ணிலிருந்து முன்மணி வரை 1 யார் தூரம் என்று கொள்வோம். கன்னம் கால் அங்குலம் மேலே எழும்பினால், 30 யாருக்கு அப்பால் அந்தத் தவறு முப்பது மடங்காகி 7½ அங்குலமாகும். ‘தலையைத் தூக்காதே’ என்று பழைய வேட்டைக்காரர்கள் பையன்களின் பிடரியில் தட்டிச் சொல்லிக் கொடுத்த பாடத்தின் கணிதம் இவ்வளவே.

ஆனால் பன்றிக்கு ஆறாம் நம்பர்ச் சன்னம் உதவாது. அதன் தோலில் அது புழுதி தட்டியது போல. பன்றிக்கு எஸ்.ஜி. என்னும் பெருஞ் சன்னம் வேண்டும். ஓர் அவுன்ஸில் எட்டு மணிகளே இருக்கும். சிலர் ஒற்றைக் குண்டையும் பயன்படுத்துகின்றார்கள். 270 மணிகள் செய்யும் வேலையை எட்டு மணிகளோ ஒரே குண்டோ செய்ய வேண்டுமானால், கைத்தவற்றுக்கு இடமில்லை. அதனால்தான் முன்மணியோடு பின்கண் ஒன்றையும் துவக்கில் ஏற்றும் வழக்கம் வெளிநாடுகளில் வளர்ந்தது. துவக்கு வெளிவந்த தொழிற்சாலையில் அல்லாமல், பின்னர் வேறு கடையில் வாங்கிப் பூட்டும் கண்கள் இவை. பிளவுள்ளது, வளையமுள்ளது, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரிவது எனப் பலவகை. சிவப்புப் புள்ளியில், இரண்டு பொருள்களை ஒரு நேர்கோட்டில் நிறுத்தும் வேலை இல்லை; புள்ளி எங்கேயோ அடி அங்கே. முதிய கண்களுக்கு அது பெருஞ் சகாயம். ஆனால் பற்றரி வேண்டும். நக்கிள்ஸ் மலையிலிருந்து பனி இறங்கும் இரவுகளில் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டேயிருக்கவும் வேண்டும்.

பெரியவரின் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது, பிளவுள்ள பின்கண் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றார். பெரியவருக்குக் கொண்டாட்டம். நகரத்தில் சைக்கிள் திருத்தும் கடையொன்றிலே அதைத் துவக்கின் முதுகில் நான்கு திருகாணிகளால் பூட்டிவிட்டார்கள். கையிற் பிடித்துப் பார்த்தார். பிளவின் நடுவில் முன்மணி அழகாக வந்து நின்றது. தோட்டாவோ எண்ணிக் கொடுக்கப்படும் பொருள், விலையும் அதிகம். ஆகையால் ஒன்றையும் வீணாக்காமல், அன்றிரவே பன்றிக்குக் காத்திருந்தார்.

பன்றி வந்தது. 30 யார் தூரம். நெற்றி விளக்கின் ஒளியில் தோள்பட்டையைத் தெளிவாகப் பார்த்தே சுட்டதாகச் சொன்னார். பன்றி ஓடிவிட்டது. காலையில் பாத்தியில் சில துளி இரத்தம் கிடந்தது. எஸ்.ஜி. மணிகளுள் ஒன்று முதுகை உரசியிருக்க வேண்டும். காயம்பட்ட பன்றி எந்தப் புதரில் கிடக்கின்றதென்று தெரியாமல், இரண்டு நாட்கள் அந்த ஓடைப்பக்கம் விறகுக்குப் போக எவரும் துணியவில்லை. அது ஒரு பங்கு. மற்றப் பங்கு, மேட்டிலுள்ள அயல்வீட்டின் சமையலறைச் சுவரில் இருந்தது. பாத்தியிலிருந்து இன்னும் 40 யார் அப்பால், சன்னலுக்கு ஒரு சாண் கீழே, சுண்டுவிரல் நுழையுமளவில் ஒரு துளை. சுவரின் மறுபக்கத்தில் அந்த வீட்டுக்காரியின் மூன்று வயது மகன் பாயிலே படுத்திருந்தான். மண்சுவர் தடித்ததாயிருந்தபடியால் சன்னம் உள்ளே வரவில்லை.

துவக்கை வாங்கிப் பார்ப்பதற்கு முன் நாம் செய்த முதல் வேலையைச் சொல்லிவிட வேண்டும். ‘வெறுந் துவக்குத்தான், ஐயா’ என்றார் பெரியவர். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தோம். குழலறையில் ஒன்றுமில்லை, ஆனால் குழலுக்குக் கீழேயுள்ள குழாய்க் களஞ்சியத்திலிருந்து தோட்டா ஒன்று எட்டிப் பார்த்தது. கட்டையை முன்னே தள்ளியிருந்தால் அது ஏறியிருக்கும். ஒற்றைக் குழல் துவக்கை முறித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இழுவைத் துவக்கில் அறையையும் பார்க்க வேண்டும், களஞ்சியத்தையும் விரல்விட்டுப் பார்க்க வேண்டும். பெரியவரின் முகம் வெளுத்துப் போயிற்று. தோட்டாக்களை ஒரு டப்பாவிலிட்டு அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே பேச்சைத் தொடர்ந்தோம்.

பிழை நாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. பின்கண் உயர்ந்திருந்தது, முன்மணியோ பழைய இடத்தில் தாழ்ந்தே இருந்தது. உயர்ந்த பிளவு வழியாகத் தாழ்ந்த மணியைப் பார்த்தால், பார்வைக்கோடு முன்னோக்கிச் சரியும். அந்தக் கோட்டைப் பன்றியின் தோளில் நிறுத்தினால், குழல் தானாகவே வானத்தைப் பார்க்கும். அளந்தபோது, இருக்க வேண்டிய உயரத்திலும் பின்கண் கால் அங்குலம் கூடியிருந்தது. பின்கண்ணுக்கும் முன்மணிக்கும் இடையே 24 அங்குலம். 30 யார் என்பது 1,080 அங்குலம். 24ஆல் வகுத்தால் 45. கால் அங்குலத்தை 45 மடங்காக்கினால் 11 அங்குலத்துக்கு மேல் வருகின்றது. பள்ளிக்கூடத்தில் ஒத்த முக்கோணங்களைப் படிக்கும்போது, ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் குறித்துக் கொள்ளட்டும். பன்றியின் தோளுக்கு 11 அங்குலம் மேலே என்றால் முதுகுக்கு மேலான வெறுவெளி. அதற்கு அப்பால் மேடு, மேட்டில் வீடு.

இது மட்டுமன்று. நான்கு திருகாணிகளில் இரண்டு ஏற்கனவே இளகியிருந்தன. சன்னத் துவக்கின் உதை பொல்லாதது. சாதாரணமாக முடுக்கிய திருகாணி சில வெடிகளிலேயே தளர்ந்துவிடும். எண்ணெய்ப் பசை முற்றாகத் துடைத்து, திருகாணிக்கென்று விற்கும் பசையில் ஒரு துளியிட்டு முடுக்க வேண்டும். மூன்றாவது திருகாணியோ அளவுக்கு மீறி நீண்டு, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் அடைப்பிரும்பை உரசியிருந்தது. அதிலே பளபளவென்று ஒரு கீறல். இன்னும் சிறிது நீண்டிருந்தால் அடைப்புச் சரியாகப் பூட்டாமலே நின்றிருக்கும். முன்மணியைக் கழற்றி வேறு மாற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: மணியின் திருகு குழலின் உள்ளே ஒரு மயிரிழையும் நீட்டக் கூடாது. சன்னம் போகும் பாதையில் அது முளையடித்தது போலாகும்.

சைக்கிள் கடைக்காரரை நாம் குறை கூறப்போவதில்லை. அவரிடம் கொண்டுபோனவரைத்தான் கூறவேண்டும். பெரியவரிடம் அதைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. துவக்கில் துளையிடுவதும் திருகு வெட்டுவதும் அத்தொழிலுக்கு அனுமதி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அப்படி ஒருவரிடமே பின்னர் துவக்குச் சென்றது. அவர் பின்கண்ணை அதன் அடிமட்டத்துக்கு இறக்கினார். அப்போதும் அரைக்கால் அங்குலம் உயரம் மிஞ்சியது. ஆகவே முன்மணியைக் கழற்றி, அரைக்கால் அங்குலம் உயர்ந்த வேறொரு மணியை வைத்தார். பின்கண்ணை உயர்த்தினால் அடி உயரும். முன்மணியை உயர்த்தினால் அடி தாழும். பலர் இதை மாற்றிச் செய்து, அடி மேலும் கெட்டதைக் கண்டு துவக்கைத் திட்டுவார்கள். பின்கண்ணை அடி போகவேண்டிய பக்கம் நகர்த்து. முன்மணியை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்து. விதி இவ்வளவே.

பிறகு சுட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர் செய்யாமல் விட்டது இதைத்தான். பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே அறிவித்து, பின்னால் செங்குத்தான மண்வெட்டுள்ள ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, பட்டப்பகலில் இந்த வேலை நடந்தது. இலக்குக்காகக் கடதாசி வேண்டியிருந்தது. பெரியவரின் மனைவி உள்ளே போய் நான்கு பழைய பத்திரிகைத் தாள்களைக் கொண்டுவந்து மாப்பசையால் ஒட்டிக் கொடுத்தார். அவை நமது ஞாயிறு இதழ்கள். ஒன்றில் நாம் ஊறுகாயைப் பற்றி எழுதிய பகுதி மேலே தெரிந்தது. நடுவில் கரியால் ஒரு வட்டம் வரைந்தோம். துவக்கைக் கையில் ஏந்திச் சுட்டால் பிழை கையினதா கண்ணினதா என்று தெரியாது. ஆகையால் உமி நிரப்பிய சாக்கின்மேல் முன்கட்டையைத் தாங்க வைத்தார்கள்.

30 யாரில் மூன்று தோட்டாக்கள். ஒரு வெடியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்ற கணக்கு இங்கே செல்லாது. மூன்றின் மணிகளும் நெருங்கி விழுந்த இடங்களுக்கு நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். உயரம் சரியாக இருந்தது. ஆனால் நடுவிடம் வட்டத்துக்கு 4½ அங்குலம் இடதுபக்கம். மீண்டும் அதே 45ஆல் வகுத்தால் பத்தில் ஓர் அங்குலம். பின்கண்ணை அவ்வளவு வலப்பக்கம் தள்ளி, திருகாணியை முடுக்கி, இன்னும் இரண்டு. பத்திரிகையின் நடுவே, ஊறுகாய்ப் பகுதியில், துளைகள் விழுந்தன. நமது எழுத்தை இத்தனை கூர்ந்து வேறெவரும் ஊடுருவியதில்லை.

ஐந்து தோட்டாக்கள் செலவாயின. பெரியவர் ஒவ்வொரு வெறுங்கூட்டையும் எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சிக்கனத்தை நாம் நகைக்கவில்லை. மரவள்ளியை விற்றுத் தோட்டா வாங்குகிறவரின் கணக்கு வேறு. ஆயினும் அன்றிரவு அவர் மிச்சம் பிடித்த ஐந்து தோட்டாக்களின் விலையையும், சன்னலுக்குக் கீழே ஒரு சாணையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இங்கே ஒன்றை இடையிற் சொல்ல வேண்டும். கண்ணே இல்லாத துவக்கு ஒன்றும் நம் நாட்டில் இருக்கின்றது. கட்டுத்துவக்கு என்பார்கள். ஒரு குழாயும் கொஞ்சம் மருந்தும் விலங்கு நடக்கும் தடத்தில் குறுக்கே கட்டிய கயிறும் போதும். சுடுகிறவர் வீட்டில் உறங்குவார். கயிற்றை இடறுவது பன்றியா, யானைக் கன்றா, அதிகாலையில் பால்வெட்டப் போகும் தொழிலாளியா என்று அது பார்ப்பதில்லை. சட்டம் அதைத் தடை செய்திருக்கின்றது. இருந்தும் கால் சிதைந்து ஆஸ்பத்திரிக்கு வருகின்றவர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். பெரியவர் இதைப் பற்றிப் பேசுகையில் குரல் உயர்த்தினார். ‘அனுமதி எடுத்து வைத்திருக்கிற நான் ஒரு வெடிக்கு நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கட்டுத்துவக்குக்காரனை யார் கேட்கிறார்கள்?’ என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் சுவரில் இருந்த துளை கட்டுத்துவக்கினால் வந்ததன்று என்பதையும் அவரே அடுத்த மூச்சில் சொல்லிவிட்டார்.

கண்ணைச் சரிசெய்து கொடுத்தாலும் மேட்டிலுள்ள வீடு மேட்டிலேயே இருக்கின்றது. எஸ்.ஜி. சன்னம் சில நூறு யார் தூரம் போகக்கூடியது. குறி தப்பினாலும் போகும், பன்றியைத் துளைக்காமல் பக்கத்தால் விலகினாலும் போகும். ஆகையால் எங்கேயிருந்து சுடுவது என்பதை மாற்ற வேண்டியிருந்தது. பாத்திக்குக் கீழே நின்று மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தவர், இப்போது பாத்திக்கு மேலே பலாமரத்தில் ஒரு பரண் கட்டியிருக்கின்றார். அங்கிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறுகின்ற சன்னம் ஓடைக்கரை மண்ணுக்குள் போகும். பரணிலிருந்து 30 யாருக்கு ஒரு கல் நட்டு அதற்கு வெள்ளையடித்திருக்கின்றார். கல்லுக்கு அப்பால் நிற்கும் பன்றி அன்றைக்குத் தப்பித்தது என்று அர்த்தம். மரையும் சிறுத்தையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. விளக்கொளியில் இரண்டு கண்கள் மின்னியவுடனே விசையை அழுத்தாமல், உடல் முழுவதும் தெரியும்வரை பொறுத்திருக்கவும் பரண் உதவுகின்றது என்றார்.

விடைபெறும்போது மேட்டு வீட்டுக்கும் போனோம். பெரியவரும் உடன் வந்தார். அந்த வீட்டுக்காரி தேநீர் கொடுத்தாள். தீபாவளி நெருங்கியிருந்தபடியால் சுவருக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தாள். பெரியவர் தயங்கித் தயங்கி, ‘அந்தத் துளையை மட்டும் அடைக்காமல் விட்டுவிடு, தங்கச்சி. நான் வந்து போகும்போது என் கண்ணில் படட்டும்’ என்றார்.

‘அதெப்படி அண்ணே, பிள்ளை விரலை விட்டு விட்டுக் குடைகிறான், மண் கொட்டுகிறது’ என்று சொல்லிக்கொண்டே, அவள் ஒரு கைப்பிடி சீமெந்தைக் குழைத்து அடைத்துவிட்டாள்.